மூளையில் புரதம் சேர்ந்தால் பருப்பை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. பார்க்கின்சன்ஸ் நோய்க்கு லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார். மூளையில் புரதம் கட்டி கட்டியாகச் சேர்ந்திருப்பதாக டாக்டர் சொன்னதிலிருந்து அம்மா பருப்பு, முட்டை, தயிர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். ஆனால் எம்.ஆர்.ஐ.யில் கட்டி எதுவும் இல்லை என்கிறார்களே?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: இன்றே பருப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லுங்கள். தட்டில் இருக்கும் புரதம் வயிற்றிலும் குடலிலும் அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகளாக உடைந்துவிடும். மூளையில் சேர்ந்திருப்பது அதுவல்ல. நரம்பு செல் தனக்காகவே தயாரிக்கும் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் அது. 140 அமினோ அமிலங்கள் கோத்த இழை. இந்த நோயில் அது மடிப்பு மாறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, செல்லுக்குள் உருண்டையாகத் திரள்கிறது. 1912இல் லூயி என்பவர் விவரித்ததால் அதற்கு 'லூயி உருண்டை' என்று பெயர். அதற்குள் இருப்பது இந்தப் புரதம்தான் என்று தெரிந்தது 1997இல்.

திரண்ட புரதம் பழைய உருவில் இருப்பதில்லை. அதன் 129ஆம் இடத்தில் பாஸ்பேட் என்ற சிறு வேதித் துணுக்கு ஒட்டியிருக்கும். நலமான மூளையில் மிகச் சிறு பங்குக்கே இந்த ஒட்டு உண்டு. லூயி உருண்டையிலோ ஏறக்குறைய 90 சதவீதத்துக்கு உண்டு. திரள்வதற்கு அது காரணமா, திரண்ட பிறகு ஒட்டுகிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இந்த உருண்டை தலைமுடியின் தடிமனைவிடச் சிறியது. அதனால் எம்.ஆர்.ஐ.யில் தெரியாது. புற்றுக்கட்டியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த ஸ்கேனே வேறு நோய்கள் இல்லை என்று உறுதிசெய்யத்தான்.

அம்மா கவனிக்க வேண்டியது நேரத்தை. லெவோடோபாவும் ஒரு அமினோ அமிலமே. குடலிலும், மூளைக்குள் நுழையும் இடத்திலும், சாப்பாட்டின் அமினோ அமிலங்களோடு ஒரே வாசலுக்குப் போட்டி போடும். சாம்பாரும் முட்டையுமாகச் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால், கை கால் விடாமல் இறுகியே இருப்பது இதனால்தான். சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பு, ஒரு டம்ளர் தண்ணீரோடு கொடுங்கள். தவறினால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. குமட்டினால் கூடவே இரண்டு பிஸ்கட் போதும், பால் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். அப்படியும் பகலில் மருந்தின் பலன் விட்டுவிட்டு வந்தால், டாக்டரைக் கேட்டுப் புரதத்தின் பெரும்பங்கை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றலாம். மொத்த அளவைக் குறைக்காதீர்கள்: 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம் வேண்டும். இல்லாவிட்டால் தசை கரையும், விழுவது கூடும்.

வாந்திக்கு மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின் வாங்கவே கூடாது. இரண்டும் உடல் அசைவுக்கு மூளை பயன்படுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தடுத்து நடுக்கத்தையும் இறுக்கத்தையும் கூட்டிவிடும்.

கேள்வி: அம்மாவுக்கும் பார்க்கின்சன்ஸ் என்றார்கள். ஆனால் முதல் வருடத்திலேயே அடிக்கடி பின்பக்கமாக விழுகிறார், படி இறங்கும்போது கீழே பார்க்க முடியவில்லை, மாத்திரையும் கேட்கவில்லை. ஏன்?
- ஒரு வாசகர், ஜாலஹள்ளி, பெங்களூரு

பதில்: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பி.எஸ்.பி. (புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி) என்ற வேறு மூளை நோயா என்று பார்க்க வேண்டும். அதில் திரள்வது டௌ என்ற இன்னொரு புரதம். லெவோடோபாவுக்குப் பலன் குறைவு. இயக்கக் கோளாறுகளுக்கான நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கான வசதி உண்டு. அதுவரை படியில் தனியாக இறங்க விடாதீர்கள். தண்ணீர் குடிக்கும்போது புரை ஏறுகிறதா என்று கவனித்து, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.