ஒன்பது ஓட்டு

வணக்கம் அண்ணாச்சி,

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் கூடிப் பேச இணையத்தில் ஒரு வலையமைப்பு நடத்துகிறோம். என்னென்ன குழுக்கள் வேண்டும் என்று ஒரு வாரம் ஓட்டெடுத்தோம். ரப்பர், அரசியல் எல்லாம் தேறின. சாதிவாரியாக வரன் தேடும் குழுவுக்கு ஏகப்பட்ட ஓட்டு. ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு ஒன்பதுதான். எதை வைப்பது, எதை விடுவது?

ஒரு வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பி,

வரன் குழு வேண்டாம், அதற்குத் தரகர்கள் இருக்கிறார்கள். அரசியலை வையுங்கள், விட்டால் அது ரப்பர் குழுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஓட்டுக்கு வருகிறேன். அந்தக்கால யூஸ்நெட் என்ற கணினி விவாத வலையிலும் பெரிய பிரிவுகளில் புதுக் குழு தொடங்க ஓட்டு இருந்தது. ஆதரவு எதிர்ப்பைவிட 100 கூடுதலாகவும் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்காகவும் இருக்கவேண்டும். தேறினாலும் அந்தக் குழுவைத் தன் கணினியில் சுமப்பதும் விடுவதும் அந்தந்தக் கணினி நிர்வாகியின் இஷ்டம். 1987-ல் முக்கியக் கணினிகளின் நிர்வாகிகள் போதைப்பொருள் குழுவுக்குக் கைவிரித்தபோது, கேட்டவர்கள் 'ஆல்ட்' என்று தனிப்பிரிவே தொடங்கிவிட்டார்கள். அங்கே ஓட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

நீங்கள் கொடுத்தது ஒரு வாரம். தூத்தூர்ப் பக்கம் தங்கலுக்குப் போகிறவன் வாரக்கணக்கில் கரை காணமாட்டான், நடுக்கடலில் அவன் எந்த போனில் ஓட்டுப் போடுவான்? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது எத்தனை போட்டுகள் ஏற்கெனவே வெளியே கிடந்தன என்பது மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு உங்களுக்குத் தெரியாதா? கடலைப் பற்றிக் கரையில் ஓட்டெடுத்துவிட்டு ஒன்பதுதான் என்று எழுத உங்களுக்கு வெட்கமாக இல்லையா தம்பி?

சரி, திட்ட எனக்கும் யோக்கியதை இல்லை. இருபத்திரண்டு வயதில் எங்கள் ஊர் வாசகசாலைக்கு நான் செயலாளர். சந்தா கட்டக் காசில்லை, எந்தப் பத்திரிகையை நிறுத்தலாம் என்று கை தூக்கச் சொன்னேன். மலையாளப் பத்திரிகை போயிற்று. மொத்தமே மூன்று பேர்தான் அதை வாசித்தார்கள். அதில் ஒரு பெரியவர், திருவிதாங்கூர் காலத்தில் மலையாளப் பள்ளியில் படித்தவர். 1956-ல் எல்லை மாறியது, அவர் கூட்டாளிகள் பாதிப்பேர் கேரளப் பக்கம் ஆகிவிட்டார்கள். தினமும் வந்து சரமப் பக்கத்தை, அதாவது இறப்புச் செய்திப் பக்கத்தை மட்டும் விரலால் தடவி வாசித்துவிட்டுப் போவார், எங்களுக்கு அது வேடிக்கை. நிறுத்திய பிறகும் கொஞ்ச நாள் வந்தார், பெஞ்சில் சும்மா இருந்துவிட்டுப் போவார். பாறசாலையில் கூடப்படித்தவர் இறந்த செய்தி, பதினாறு முடிந்தபின்தான் அவருக்குக் கிடைத்தது. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. "மக்கா, அந்தப் பழைய பேப்பர்க் கட்டாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டார். பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டிருந்தோம்.

கடல் குழுவை இன்றைக்கே திறங்கள். போட்டெல்லாம் கரைபிடிக்கட்டும், அப்புறம் வேண்டுமானால் ஓட்டெடுங்கள்.