மருந்து மண்ணோடு நிற்குமா, தண்ணீரோடு போகுமா?

கேள்வி: வாழைக் கன்றுகளுக்குக் கார்போபியூரான் என்ற பூச்சிமருந்துக் குருணை வைத்தோம். நாலாம் நாளே நல்ல மழை. தோட்டத்துக் கிணற்றில்தான் குடிக்கத் தண்ணீர் எடுக்கிறோம். மருந்து இறங்கியிருக்குமா? (வாசகி, வாழப்பாடி)

பதில்: இறங்கக்கூடிய மருந்துதான், அம்மா. ஒரு லிட்டர் தண்ணீரில் 300 மில்லிகிராமுக்கு மேல் கரையும், மண்ணில் அவ்வளவாக ஒட்டாது. குளோர்பைரிபாஸ் என்ற இன்னொரு பூச்சிமருந்து என்றால் 2 மில்லிகிராம்கூடக் கரையாது, மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கடையில் பூச்சி சாகுமா என்று கேட்கிறோம், இதை யாரும் கேட்பதில்லை.

உங்கள் பக்கத்தில் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்பு தட்டும் நிலங்கள் உண்டு. காரத்தன்மை கூடினால் கார்போபியூரான் சீக்கிரம் சிதையும். ஆனால் மழைத் தண்ணீர் மண்ணில் பொறுமையாக ஊறித்தான் போகும் என்று இல்லை. வேர் மட்கிய துளை, எலி வளை, பாறை வெடிப்பு எது கிடைத்தாலும் அதில் புகுந்து கீழே போய்விடும். அந்த ஓட்டத்தில் மருந்து சிதைய நேரம் ஏது?

கிணற்றுக்குள் எட்டிப் பாருங்கள். உட்சுவரில் செம்மண் கோடு இழுத்திருந்தால் வயல் தண்ணீர் மேலாகவே உள்ளே வடிகிறது என்று அர்த்தம். முதலில் கிணற்றைச் சுற்றிக் கரை போடுங்கள். மருந்து டேங்கைக் கிணற்று மேட்டில் வைத்துக் கழுவும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். நான் பார்த்த தோட்டங்களில் மண் வழியாக இறங்கியதைவிட அந்தக் கழுவல் தண்ணீரைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டியிருந்தது. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை குடிக்க வேறு தண்ணீர் எடுங்கள். வாசனை இல்லை, கொதிக்க வைத்தோம் என்பதையெல்லாம் நம்ப வேண்டாம்.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டம். வெள்ளைத் தண்டு துளைப்பான் பூச்சிக்கு அப்பா காலத்தில் லிண்டேன் மருந்து பூசினோம், பிறகு குளோர்பைரிபாஸ். ஒட்டிக்கொள்ளும் மருந்து என்றால் ஓடைக்குப் போகாதுதானே?

பதில்: மருந்து போகாது, மண் போகுமே! சேர்வராயன் சரிவில் ஒரு கனமழைக்கு எவ்வளவு மண் கரைந்து ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். ஒட்டிய மருந்தும் அதோடுதான் ஓடைக்குப் போகும். சில்வர் ஓக் நிழல் மரங்களின் சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். சருகு மூடிய மண் கரையாது, மட்கில் வாழும் நுண்ணுயிர்கள் மருந்தையும் சிதைக்கும்.

மலை மண் புளிப்பு (அமிலத்தன்மை), குளிரும் கூட. அதனால் குளோர்பைரிபாஸ் சமவெளியைவிட இங்கே மெதுவாகத்தான் சிதையும். சிதைந்து வருகிற பொருள் தாய் மருந்தைவிடத் தண்ணீரில் எளிதாக நகரும் என்பது இன்னொரு தொல்லை. பாதி ஆயுள் 60 நாள் என்று படித்துவிட்டு 120 நாளில் கணக்குத் தீர்ந்தது என்பார்கள். தீராது. 60 நாளில் பாதி, 120-ல் கால், 180-ல் அரைக்கால். அந்த 60-ம் மண்ணுக்கு மண் மாறும்.

லிண்டேனைப் பயிருக்குப் பயன்படுத்த இந்தியாவில் 2013-ல் தடை வந்தது. மண்ணில் ஒரு வருஷத்துக்கு மேலும் தங்கக்கூடிய சரக்கு அது. பழைய டின் ஏதாவது ஷெட் மூலையில் கிடந்தால் தோட்டத்தில் புதைக்காதீர்கள், வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: கிளைபோசேட் களைக்கொல்லி மண்ணைத் தொட்டதும் செத்துவிடும் என்கிறார் கடைக்காரர். உண்மையா? (ஓமலூர் வாசகர்)

பதில்: சாகாது, கட்டிப்போட்டிருக்கும். செம்மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதே இடத்துக்கு பாஸ்பேட்டும் போட்டி போடும். எனவே தெளித்த கையோடு சூப்பர் பாஸ்பேட் போட்டால் கொஞ்சம் விடுபட வாய்ப்புண்டு. அப்புறம், கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலம்தான் தெளிக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. அதைக் கடைக்காரர் சொன்னாரா?