7 வயதுக் குழந்தைக்குத் தையல் இயந்திரத்தில் தைக்கக் கற்றுக்கொடுக்கலாமா?

உங்கள் மகளுக்கு 7 வயது என்றும், நீங்கள் தைக்க உட்காரும்போதெல்லாம் தானும் தைக்க வேண்டுமென்று பக்கத்திலேயே நிற்கிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவளைக் கால் மெஷினில் உட்கார வைக்கலாமா, இல்லை குழந்தைகளுக்கென்று கடையில் விற்கும் சிறிய பேட்டரி இயந்திரத்தை வாங்கித் தரலாமா என்பது உங்கள் கேள்வி. அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் 19 ஆண்டுகளாகத் தையல் வகுப்பு நடத்தி வருகிறேன். மே மாத விடுமுறையில் குழந்தைகளுக்கென்று தனி வகுப்பு வைப்பது வழக்கம். ஒரு வேளைக்கு நான்கு பேருக்கு மேல் சேர்த்துக்கொள்வதில்லை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: 7 வயதில் தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் தைக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பு, ஓடும் இயந்திரத்தை நிறுத்தக் கற்றுக்கொடுங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், 9 வயதுப் பையன் ஒருவன் இரண்டு நாளிலேயே நேராகத் தைக்கிறானே என்ற மகிழ்ச்சியில், மோட்டார் பொருத்திய இயந்திரத்தில் அவனை உட்கார வைத்துவிட்டேன். துணி கோணலாகப் போவதைப் பார்த்ததும் அவன் பதறிக் காலை எடுப்பதற்குப் பதிலாக மேலும் அழுத்தினான். இடது கை ஆள்காட்டி விரலின் நகத்தில் ஊசி இறங்கிவிட்டது. பதற்றத்தில் குழந்தையின் கால் விறைத்துக்கொள்ளும், எடுக்க வராது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். தவறு முழுக்க என்னுடையது. அன்று முதல், 'நில்' என்று சொன்ன மறுகணம் ஊசி நிற்கும்வரை எந்தக் குழந்தைக்கும் நான் நூல் கோத்துக் கொடுப்பதில்லை.

இந்தக் காரணத்தால்தான் உங்கள் மகளுக்குக் கால் மெஷினோ மோட்டார் மெஷினோ வேண்டாம், கை மெஷின் போதும் என்கிறேன். பாட்டி வீட்டுப் பரணில் வலப்பக்கம் கைப்பிடி வைத்த பழைய கறுப்பு இயந்திரம் ஒன்று இருந்தால், மெக்கானிக்கிடம் காட்டிச் சுத்தம் செய்து வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பிடியைச் சுற்றினால் ஊசி ஓடும், கையை எடுத்தால் நின்றுவிடும். வேகம் முழுவதும் குழந்தையின் வலது கையில் இருக்கிறது. அந்தக் கை சக்கரத்தில் இருக்கும்வரை ஊசிக்கு அருகே போவதற்கும் வழியில்லை. தரையில் பலகை போட்டு அதன்மேல் இயந்திரத்தை வைத்தால், சம்மணமிட்டு உட்காரும் குழந்தைக்கு உயரமும் சரியாக அமைந்துவிடும். இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கவலைப்படுவது உண்டு. துணியை வழிநடத்தும் நுணுக்கமான வேலை இடது கைக்கு என்பதால் அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் எளிதாகவே பழகிக்கொள்கிறார்கள்.

பேட்டரி இயந்திரத்தை வாங்க வேண்டாம். அவற்றுள் பல ஒரே நூலில் சங்கிலிபோல் தைப்பவை. முனையை இழுத்தால் தைத்தது முழுவதும் பிரிந்து வந்துவிடும். குழந்தை எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் தையல் நிற்காது என்றால், தனக்குத்தான் தைக்க வரவில்லை என்று அது முடிவு கட்டிக்கொள்ளும். கால் மெஷினுக்கு அவசரம் இல்லை. உட்கார்ந்த நிலையில் இரண்டு பாதங்களும் மிதியில் முழுதாகப் படிய வேண்டும்; என் வகுப்பில் அது பெரும்பாலும் 9, 10 வயதில்தான் கைகூடுகிறது. அப்போதும் நீளப் பாவாடையும் துப்பட்டாவும் தோல் வாரில் சிக்கும் என்பதால் உடையிலும் கவனம் வேண்டும். நீண்ட பின்னலை எந்த இயந்திரமானாலும் மடித்துக் கட்டிவிட வேண்டும்.

முதல் நாள் ஊசியைக் கழற்றி வைத்துவிடுங்கள். சுற்று, நில், சுற்று, நில் என்று விளையாட்டாகச் சொல்லுங்கள். பிறகு அவள் உங்களுக்கு 'நில்' சொல்லட்டும், நீங்கள் நிறுத்துங்கள். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். சக்கரம் எப்போதும் தன் பக்கமாகத்தான் சுழல வேண்டும், எதிர்ப்பக்கம் சுழன்றால் நூல் சிக்கிக்கொள்ளும் என்பதும் இந்த நாளிலேயே கையில் படிந்துவிட வேண்டும். கால் மெஷின் பழகும் வயது வரும்போது, அடிநூலைச் சுற்றிவைக்கும் பாபினில் நூல் சுற்றுவதற்காகச் சக்கரத்தின் நடுவிலுள்ள திருகைத் தளர்த்துகிறோம் அல்லவா, அதைத் தளர்த்திவிட்டால் சக்கரம் மட்டும் சுழலும், ஊசி அசையாது. மிதி பழக அதைவிட நல்ல வழி இல்லை.

இரண்டாம் நாள் ஊசி உண்டு, நூல் இல்லை. கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்துக் கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்லுங்கள். தாளில் தைத்தால் ஊசி மழுங்கும், ஆகவே கழித்துப்போட வைத்திருக்கும் ஊசி போதும். தைத்து முடித்த தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், கோட்டில் விழுந்த புள்ளிகளும் விலகிய புள்ளிகளும் நட்சத்திரங்களைப் போலத் தெரியும். எங்கே கோணியது என்று நாம் சொல்ல வேண்டியதே இல்லை. கோடு முடிந்ததும் ஊசியைத் தாளுக்குள் இறக்கியபடியே நிறுத்தி, மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி, தாளைத் திருப்பி, ஃபுட்டை இறக்கி மறுபடி ஓட்டுவதற்குச் சொல்லிக்கொடுங்கள். மூலை திரும்பத் தெரிந்த குழந்தையின் முகத்தில் வருகிற பெருமிதத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கும் அதே மகிழ்ச்சிதான். அதன்பின் சதுரம், முக்கோணம், கோலத்தின் நெளிவு என்று அவர்களே வரைந்துகொண்டு வருவார்கள்.

இந்தக் கட்டத்தில் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். எல்லாக் குழந்தைகளும் ஊசியைத்தான் பார்ப்பார்கள். சைக்கிள் பழகும்போது முன்சக்கரத்தைப் பார்த்தால் விழுகிறோம், பாதையைப் பார்த்தால் ஓட்டுகிறோம். அதே கதைதான் இங்கேயும். பார்க்க வேண்டியது பிரஷர் ஃபுட்டின் விளிம்பையும் துணியின் ஓரத்தையும். துணியை இழுக்கவும் கூடாது. இயந்திரத்தின் அடித்தட்டில் இருக்கும் பல்தான் துணியைப் பின்னால் நகர்த்துகிறது, நம் கை வழிகாட்டினால் போதும். இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் மோதி முறியும்.

விரலுக்கு ஒரு எல்லை வேண்டும். பிரஷர் ஃபுட்டைச் சுற்றி இரண்டு விரல் அகலம் தள்ளி வண்ண டேப் ஒட்டி, இதுதான் இலட்சுமணக் கோடு என்று சொல்லிவிடுவேன். சுற்றும் கை ஓயாதவரை மற்றக் கை அதைத் தாண்டக் கூடாது. எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் விரலில் ஊசி இறங்கிவிட்டால், விரலை வெடுக்கென்று இழுக்க விடாதீர்கள். மோட்டாராக இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பி ஊசியை மேலேற்றுங்கள். ஊசி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்; முனை முறிந்திருந்தால், காயம் சிறியதாகத் தோன்றினாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். தடுப்பூசி குறித்தும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ நூலுக்கு வரலாம். மேலே சிவப்பு நூல், பாபினில் நீல நூல் போடுங்கள். கைத்தையல் ஊசிக்கு மேல்முனையில் கண் இருக்க, இந்த ஊசிக்கு மட்டும் ஏன் குத்தும் முனையில் கண் என்று எந்தக் குழந்தையும் கேட்கும். 1846இல் எலியாஸ் ஹோவே அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இயந்திரத்திலேயே ஊசிக்கு நுனியில் கண்ணும், அடியில் இன்னொரு நூலைச் சுமந்து ஓடும் நாடா என்னும் சிறு கருவியும் இருந்தன. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தறியில் நாடா ஓடுவதைப் பார்த்த பழக்கம் உண்டு என்பதால் சொன்னவுடனே புரிந்துகொள்வார்கள். இன்றைய இயந்திரத்தில் நாடா குறுக்கே ஓடுவதில்லை. ஊசி கொண்டுவரும் நூல் வளையத்தை ஒரு கொக்கி பிடித்து, பாபினைச் சுற்றிவரச் செய்கிறது. இரண்டு நூல்களும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் தையல் பிரியாமல் நிற்கிறது. துணியின் மேற்புறத்தில் நீலம் தலைகாட்டினால் மேல் நூல் இறுக்கமாக இருக்கிறது என்றும், அடிப்புறத்தில் சிவப்பு தெரிந்தால் மேல் நூல் தளர்வாக இருக்கிறது என்றும் வண்ணத்தைப் பார்த்தே குழந்தை சொல்லிவிடும். அவளுடைய பள்ளிச் சீருடையை உள்பக்கமாகத் திருப்பிக் காட்டுங்கள். தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் 8ஆம் வகுப்புவரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 இணை சீருடை இலவசமாகக் கிடைக்கிறது. அவற்றைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். தினமும் தான் போட்டுக்கொள்ளும் சட்டையை யாரோ ஓர் அம்மா இப்படி ஓரம் பார்த்துத் தைத்தார் என்று அறியும்போது, பிள்ளைகள் அந்தச் சட்டையை வேறு கண்ணால் பார்க்கிறார்கள்.

நூல் கோப்பதைக் குழந்தையே செய்யட்டும். நான்கு நாள் தடுமாறும், ஐந்தாம் நாள் நம்மைவிட வேகமாகக் கோத்துவிடும். துணிக்கு அடியில் நூல் கூடு கட்டினால் முக்காலும் காரணம் இரண்டுதான்: பிரஷர் ஃபுட்டை இறக்க மறந்திருப்பாள், அல்லது தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்ளாமல் விட்டிருப்பாள். தைத்து முடித்து அடுத்த தையலைத் தொடங்கும்போது ஊசியிலிருந்து நூல் உருவிக்கொண்டு போனால், ஊசியோடு ஏறி இறங்கி நூல் இழுக்கும் கம்பி மேலே வருவதற்கு முன்பே நிறுத்தியிருக்கிறாள் என்று பொருள்.

துணி விஷயத்தில் பெற்றோர் செய்யும் பிழை, போனால் போகட்டும் என்று கையில் கிடைத்ததைக் கொடுப்பது. பழைய வேட்டி மெலிந்து போயிருக்கும், ஊசித்துளைக்குள்ளேயே போய்ச் சிக்கிக்கொள்ளும். பனியன் துணி இழுபடும், சாட்டின் வழுக்கும். கொஞ்சம் விறைப்பான காடா துணிதான் பிஞ்சுக் கைக்கு அடங்கும். அதற்கு 14ஆம் எண் புது ஊசி பொருத்தமாக இருக்கும். முதலில் என்ன தைப்பது என்பதிலும் இதேபோல ஒரு பிழை உண்டு. குழந்தை என்பதால் பொம்மைக்குச் சட்டை தைக்கலாம் என்று நினைக்கிறோம். பொருள் சிறிதாகச் சிறிதாக வளைவு நெருங்கும், துணி விரலுக்குள் அடங்காது, ஊசிக்கு மிக அருகே கை போகும். பெரியவர்களுக்கே அது பொறுமையைச் சோதிக்கிற வேலை. மாறாக, மஞ்சப்பை தைக்க வையுங்கள். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியதிலிருந்து என் வகுப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் பொருள் அதுதான். நீள்சதுரத் துணி, வாயை மடித்து ஒரு தையல், பக்கங்களில் இரண்டு நேர்த்தையல், இரண்டு காது, அவ்வளவுதான். காது பொருத்தும் இடத்தில் மட்டும் முன்னும் பின்னுமாகக் கெட்டித் தையல் போட வேண்டும். தைத்த மறுநாளே அந்தப் பையில் காய் வாங்கி வரலாம்.

பை கோணலாகத்தான் வரும், அதைத் தொடாதீர்கள். ஒரு விடுமுறை வகுப்பில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி மூன்று நாள் உழைத்து ஒரு பை தைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவளுடைய அம்மா நன்றாகத் தைக்கத் தெரிந்தவர். பிள்ளை பள்ளிக்கு அழகாகக் கொண்டுபோகட்டும் என்ற பாசத்தில் இரவோடு இரவாகப் பிரித்து நேராகத் தைத்து வைத்துவிட்டார். மறுநாள் அந்தப் பையை மேசையில் வைத்துவிட்டு, "இது என்னுது இல்ல, மிஸ்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்துகொண்டாள். மறுபடி இயந்திரத்தின் முன் உட்கார அவளுக்கு ஒரு வாரம் ஆனது. பிரிக்க வேண்டியிருந்தால் குழந்தையே பிரிக்கட்டும். பிளேடு மட்டும் கொடுக்காதீர்கள். சிறிய கத்தரியால் ஒரு பக்கத்து நூலை நான்கைந்து தையலுக்கு ஒரு வெட்டு வெட்டி, மறுபக்கத்து நூலை இழுத்தால் முழுதாக உருவிக்கொண்டு வரும். அது அவர்களுக்கு மந்திரம் போலத் தோன்றும், பிரிக்கிற வருத்தமும் பாதியாகிவிடும்.

ஒரு நாளைக்கு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நன்றாகத் தைக்கத் தொடங்கிய பிறகு, வாடிக்கையாளர் கொடுத்த துணியில் ஓரம் அடிக்கக்கூட அவளை உட்கார வைக்காதீர்கள். நீங்கள் தொழிலாகத் தைப்பவரானால் இதை இன்னும் உறுதியாகச் சொல்வேன். அவள் தைப்பது அவளுக்காக மட்டுமே இருக்க வேண்டும். உங்களுக்கு மகனும் இருந்தால் அவனையும் உடன் உட்கார வையுங்கள். எங்கள் கடைத்தெருவில் மெஷின் போட்டிருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்களாகவே இருக்க, வகுப்புக்கு மட்டும் பெண் பிள்ளைகளையே அனுப்புகிறார்கள் என்பது எனக்கு ஆறாத குறை.

ஒவ்வொரு நாளும் இயந்திரத்தை மூடும் வேலையை அவளிடமே கொடுங்கள். பல்லின் இடுக்கில் சேர்ந்த பஞ்சைப் பழைய பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, வாரத்துக்கு ஒரு நாள் எண்ணெய்த் துளைகளில் ஒவ்வொரு சொட்டு விட்டு, வீண் துணியில் சிறிது ஓட்டி எண்ணெயை எடுத்துவிட வேண்டும். பிறகு ஒரு துண்டுத் துணியை இரண்டாக மடித்துப் பல்லின்மேல் வைத்து, பிரஷர் ஃபுட்டை இறக்கி, சக்கரத்தைத் தன் பக்கமாகச் சுற்றி ஊசியையும் அதற்குள் இறக்கிவிட்டு, உறையைப் போட்டு மூடச் சொல்லுங்கள்.