பட்டறைப் பதில்கள்: மில் சட்டகம் வாங்கும் முன் மரத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் காணியில் இரண்டு பெரிய வேம்பும் ஒரு வாகையும் காற்றில் சாய்ந்து கிடக்கின்றன. வேம்பின் அடிப்பக்கம் 22 அங்குல அகலம். கதவு, நிலை, ஒரு சாப்பாட்டு மேசை ஆகியவற்றுக்குப் பலகை வேண்டும். என்னிடம் 18 அங்குலப் பார் (சங்கிலி சுற்றி ஓடும் தட்டு) பூட்டிய 45 சிசி செயின்சோ இருக்கிறது. அதில் பொருத்திப் பலகை அரிவதற்கென்று 36 அங்குல மில் சட்டகம் ஒன்றை இணையத்தில் மலிவாக விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: வேண்டாம் தம்பி. சட்டகம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் இயந்திரத்துக்கு அது பொருந்தாது. விற்பவர் சட்டகத்தின் நீளத்தைச் சொல்லித்தான் விற்பார். நீங்கள் கணக்கை மரத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் குற்றியின் அகலம், அடுத்து அதை அரியக்கூடிய என்ஜின், பிறகு பார், கடைசியில்தான் சட்டகம்.

விறகுக்குக் குறுக்கே வெட்டும்போது என்ஜின் கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓடும், பிறகு ஓயும். எட்டடிக் குற்றியை நீளவாக்கில் அரியும்போது அதற்கு மூச்சுவிட நேரமே கிடைக்காது. தொடர்ந்து பல நிமிடங்கள் முழு வேகத்தில் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 45 சிசி இயந்திரம் 22 அங்குல வேம்பில் அப்படி இழுத்தால் சூடேறிப் பிஸ்டன் பிடித்துவிடும். பன்னிரண்டு அங்குலக் குற்றிக்கு 50 முதல் 60 சிசி, இருபது அங்குலத்தைத் தாண்டினால் 70 சிசிக்கு மேல், முப்பது அங்குலத்துக்கு 90 சிசிக்கு மேல் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாலை, முதிரை போன்ற வைர மரங்களுக்கு இதிலும் ஒரு படி கூட்டிப் போடுங்கள்.

ஆகவே உங்கள் வேம்புக்கு 70 சிசிக்குக் குறையாத இயந்திரம் தேவை. அதில் 28 அங்குலப் பார் பூட்டினாலும் 28 அங்குலம் அரிய முடியாது. பாரைக் கவ்விப் பிடிக்கும் சட்டகத்தின் இரு முனைக் கிளாம்புகளும் சேர்ந்து நாலு அங்குலம் வரை எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் 24 அங்குலம் உங்கள் மரத்துக்குச் சரியாக இருக்கும். அந்தப் பாருக்கு 30 அங்குலச் சட்டகம் போதும். இரண்டு வேம்புக்காகப் பெரிய செயின்சோ வாங்குவது வீண் செலவு. இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரை நாள் கூலிக்கு அழைத்து, சட்டகத்தை மட்டும் நீங்கள் வாங்குங்கள். இரண்டாம் கையாக இயந்திரம் வாங்குவதானால் பதிவுப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். நம் இலங்கையில் 2019 இல் செயின்சோக்களைப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. பத்திரம் இல்லாத இயந்திரம் எவ்வளவு மலிந்தாலும் தொடாதீர்கள்.

இனிச் சட்டகம். இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை, அமெரிக்காவில் எலோஃப் கிரான்பெர்க் வடிவமைத்த அலாஸ்கன் மில்லின் சாயலில் வந்தவை. பாரின் இரு முனைகளையும் இரண்டு கிளாம்புகள் கவ்வும். மேலே ஓடும் இரு தண்டுகள் குற்றியின் மட்டமான முகத்தில் வழுக்கிச் செல்லும். தண்டுக்கும் பாருக்கும் உள்ள இடைவெளிதான் பலகையின் தடிப்பு. அமைப்பு இவ்வளவு எளிது என்பதால் மலிவான பிரதிகளும் ஏராளம். வாங்குமுன் கிளாம்பின் திருகாணியை விரலால் கழற்றி மறுபடி பூட்டிப் பாருங்கள். மலிவுச் சட்டகங்களில் அலுமினிய வார்ப்புக்குள்ளேயே மரை வெட்டியிருப்பார்கள். சில தடவை இறுக்கியதும் அந்த மரை உருவிவிடும். எஃகுத் திருகாணியும், உள்ளே நைலோன் வளையம் உள்ள சுரையும் (நட்) போட்டிருந்தால்தான் அதிர்வில் தளராது. இரு பக்க அளவுகோலையும் ஒரே கோட்டில் நிறுத்தி, இடைவெளியை உங்கள் சொந்த அளவுநாடாவால் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு மில்லிமீற்றர் பிசகினாலும் பலகை ஆப்பு வடிவில்தான் வரும். நுனிக் கிளாம்பு, பாரின் நுனியில் உள்ள பல்சக்கரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். சக்கரத்தின் மேலேயே கவ்வினால் சங்கிலி இறுகி நின்றுவிடும்.

சங்கிலியைப் பற்றிக் கடைக்காரர் பேசவே மாட்டார். அதனால் நான் சொல்கிறேன். சாதாரணச் சங்கிலியின் பற்கள் 30 பாகைச் சாய்வில் தீட்டப்பட்டவை. அவை குறுக்கு வெட்டுக்கு உரியவை. நீளவாக்கில் அரிய 10 பாகைச் சாய்வு வேண்டும். அப்படித் தீட்டிய சங்கிலி தனியாகவும் கிடைக்கிறது. வட்ட அரமும் பொறுமையும் இருந்தால் பழைய சங்கிலியையே படிப்படியாக அந்தச் சாய்வுக்குக் கொண்டுவரலாம். ஒவ்வொரு குற்றி முடிந்ததும் தீட்டுங்கள். வைர மரமானால் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் தீட்டுங்கள். மரத்தூள் மாவாக வந்தால் பல் மழுங்கிவிட்டது. இழை இழையாக வந்தால் தொடரலாம்.

திருகோணமலை கன்னியா வீதியில் பட்டறை வைத்திருக்கிறேன். அங்கே வரும் வேம்பிலும் புளியிலும் முதலில் நான் பார்ப்பது, வெட்டு முகத்தில் நீலமும் கறுப்பும் கலந்த கறை இருக்கிறதா என்பதைத்தான். கறை இருந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது. மரத்தின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து அந்த நிறத்தைக் கொடுக்கிறது. வேலியோர மரமென்றால் முட்கம்பியும் ஆணியும் பட்டைக்குள் புதைந்திருக்கும். நம் மாவட்டத்தில் குண்டுச் சிதறல்களும் ரவைகளும் இருக்கும். போர்க்காலத்தைக் கண்ட எந்த மரத்தையும் உலோகம் காட்டும் கருவியால் தடவிப் பார்க்காமல் அரியாதீர்கள். ஓடும் சங்கிலி இரும்பில் பட்டால் பல் உடைந்து தெறிக்கும். சங்கிலி அறுந்தால் உங்கள் முகத்துக்கே ஆபத்து. தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள்.

முதல் ஓட்டத்துக்குக் குற்றியின் மேல் நேரான தளம் ஒன்று வேண்டும். நெளியாத அலுமினிய ஏணியைக் குற்றியின் மேல் ஆணியடித்து நிறுத்தினால் போதும். முதல் முகம் கோணினால் அடுத்து வரும் எல்லாப் பலகையும் கோணும். அதனால் ஏணியை நூல் கட்டி, மட்டம் பார்த்து நிறுத்துங்கள். குற்றியின் ஒரு தலையைச் சற்றே உயர்த்தி வைத்தால் இயந்திரம் தன் எடையாலேயே கீழ்நோக்கி நகரும், உங்கள் தோள் தப்பும். அரிந்து செல்லச் செல்லப் பின்னால் வெட்டுக்குள் மர ஆப்புகளைச் செருகுங்கள். காதடைப்பும், கண்ணாடியும், முகக்கவசமும் இல்லாமல் தொடங்கக் கூடாது. முதிரைத் தூள் பட்டால் பலருக்குத் தோல் அரிப்பு வரும். நீளக் கைச் சட்டை போடுங்கள். தனியாக ஒருபோதும் அரியாதீர்கள்.

உங்களிடமுள்ள 45 சிசி இயந்திரமும் வீணல்ல. ஆறுக்கு இரண்டு அங்குலச் சட்டத்தை வழிகாட்டியாக வைத்துப் பாரைச் செங்குத்தாக ஓட்டும் சிறிய மில் ஒன்று உண்டு. பலகையின் பட்டை ஓரத்தை நேராக்க அதுவே போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். செயின்சோ ஒவ்வோர் ஓட்டத்திலும் 9 மில்லிமீற்றர் அளவு மரத்தைத் தூளாக்கும். மர ஆலையில் நாடா போல ஓடும் பட்டை வாளில் அது இரண்டு, மூன்று மில்லிமீற்றர்தான். பத்து ஓட்டம் அரிந்தால் செயின்சோவில் 90 மில்லிமீற்றர் மரம் போய்விடும். அதாவது மூன்றரை அங்குலம், மூன்று பலகை. குற்றியை உழவு இயந்திரத்தில் ஏற்றி வீதிக்குக் கொண்டுவர முடியுமென்றால் மர ஆலைக்கே கொண்டுபோங்கள். ஏற்றுமுன் பிரதேச செயலகத்திலும் வன அலுவலகத்திலும் என்ன அனுமதி வேண்டுமென்று கேளுங்கள். வயலுக்கு நடுவில் வண்டி போகாத இடத்தில் கிடக்கும் மரத்துக்கும், ஆலையில் நுழையாத அகலமான மேசைப் பலகைக்கும்தான் இந்தச் சட்டகம் பொன்னாகப் பயன்படும்.

அரிந்த பலகையைக் கச்சான் காற்றில் காட்டாதீர்கள். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் அந்த வறண்ட காற்று பச்சைப் பலகையின் தலையை ஒரு வாரத்திலேயே பிளந்துவிடும். வெட்டிய அன்றே இரு தலைகளிலும் பெயின்ற் அல்லது மெழுகு பூசி, நிழலில், ஓரங்குலச் சிலாகைகளை இடையிட்டு அடுக்குங்கள். அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. கதவுக்கு அவ்வளவு பொறுத்திருப்பது நல்லது.

கேள்வி: எங்கள் வளவில் பட்டுப்போன தென்னைகள் நிற்கின்றன. இந்தச் சட்டகத்தால் அவற்றைப் பலகையாக்க முடியுமா?
– வாசகி, நிலாவெளி

பதில்: முடியும் மகள். ஆனால் வேம்பைப் போல அகலப் பலகை எதிர்பார்க்காதீர்கள். தென்னையில் வெளிவளையம்தான் வைரம். நடுப்பகுதி பஞ்சுபோல இருக்கும், பலகைக்கு உதவாது. அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, வெளிவளையத்திலிருந்து நாலங்குலச் சட்டங்களாக எடுங்கள். மேலே சொன்ன, பாரைச் செங்குத்தாக ஓட்டும் சிறிய மில் இதற்கு ஏற்றது. தென்னை நார் பல்லை மிக விரைவாக மழுக்கும். கூடுதலாக ஒரு சங்கிலி வைத்துக்கொள்ளுங்கள். பட்டுப்போய் நாளான மரத்தில் வண்டு விழுந்திருக்கும். முதலில் தலையையும் அடியையும் வெட்டிப் பாருங்கள்.

கேள்வி: தோணி கட்டச் சவண்டலைப் பலகை தேடுகிறேன். காட்டோரத்தில் நிற்கும் மரத்தைச் செயின்சோ மில்லால் அரிந்துகொள்ளலாமா? காணியில் உள்ள பெண் பனைகளையும் சேர்த்து வெட்ட எண்ணம்.
– வாசகர், மூதூர்

பதில்: சவண்டலைக்கு ஆங்கில வணிகப் பெயரே திருகோணமலை மரம் என்பதுதான். சென்னைக் கரையில் அலை கடக்கும் மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்துதான் அந்தப் பலகை போனது. வளையும், இலகுவில் உடையாது. தோணிக்கு நீங்கள் தேடுவது சரியான மரம்தான். ஆனால் காட்டோரத்து மரம் அரசின் மரம். அதில் கை வைக்காதீர்கள். மரக்காலையில் பத்திரத்துடன் விற்கும் குற்றியை வாங்கி, தோணிப் பலகை நீளமாக வேண்டுமென்பதால் அதை மட்டும் சட்டகத்தில் அரியுங்கள். பெண் பனை, பலா, ஈரப்பலா மூன்றும் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருகின்றன. சொந்தக் காணியானாலும் அனுமதி வேண்டும். கிராம சேவகரிடம் முதலில் போங்கள். பனையை மில்லில் அரிய வேண்டிய தேவையும் இல்லை. ஆப்பு வைத்துப் பிளந்தால் நார் அறுபடாமல் வளைமரமும் சிலாகையும் கிடைக்கும். கூரைக்கு அதுதான் பலம்.