பத்தரை மணிக்கு என்ன அவசரம்?

கேள்வி: கிண்டியில் ஓர் ஐ.டி. கம்பெனியில் 22 பேர் கொண்ட டீமுக்கு லீட் நான். ஹெச்.ஆர். சொன்னதால் வாரம் மூன்று நாள், மதியம் 2 மணிக்கு அரை மணி நேரம் மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு, அதாவது மூச்சு போன்றவற்றை நிதானமாகக் கவனிக்கும் மனப்பயிற்சி, நடத்துகிறேன். தவறாமல் முந்தின நாள் இரவு பத்தரைக்கே வாட்ஸ்அப் குரூப்பில் ஞாபகப்படுத்திவிடுவேன். அப்படியும் ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்கள். அதிலும் பாதிப் பேர் தூங்குகிறார்கள். இவர்களுக்கு எப்படி ஆர்வத்தை உண்டாக்குவது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ஆர்வம் கிடக்கட்டும். இரவு பத்தரைக்கு மெசேஜ் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் வருவோம்.

அந்த நேரத்தில் ஒரு வீடு எப்படியிருக்கும் என்று தண்டையார்பேட்டைக்காரரான உங்களுக்குத் தெரியாதா? விடியற்காலையில் அடிபம்புக்குக் குடத்தோடு போக வேண்டியவர்கள் படுக்கிற நேரம். பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கும்போது போன் அதிர்கிறது. லீடின் மெசேஜ் என்றால் பார்க்காமல் இருக்க முடியுமா? பார்த்தால், நாளைக்கு மனதை அமைதியாக வைத்துக்கொள்ளும் வகுப்பாம்! எனக்கே எரிச்சல் வருகிறது. வீட்டுக்குப் போனவர் அங்கே ஒரு குழந்தைக்கு அப்பா, வயதான தாய்க்கு மகன். அந்த நேரத்துக்குக் கம்பெனி சம்பளம் கொடுக்கவில்லை. பத்தரைக்கு உங்கள் வீட்டில் மட்டும் உங்களைத் தேட ஆளில்லையா?

இனி மெசேஜ் வேண்டாம். ஆபீஸ் காலண்டரில், வகுப்புக்குக் கால் மணி முன்னால் மணியடிக்கும்படி வைத்தால் போதும். சர்வர் படுத்துவிட்டால் அன்றைய டியூட்டியில் இருப்பவருக்கு மட்டும் போன் செய்யுங்கள், குரூப்பையே எழுப்பாதீர்கள்.

அடுத்தது, 2 மணி. உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு. காலை 11 மணிக்கு மாற்றி, பத்தே நிமிடமாகக் குறையுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை ஏதாவதொரு மீட்டிங்கில் வெட்டுங்கள், டீ நேரத்தில் அல்ல. ஜான் கபாட்-ஜின் என்ற அமெரிக்கர் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி 8 வாரம். வாரம் ஒரு நீண்ட வகுப்பு, அதுபோக வீட்டில் தினமும் 45 நிமிடம். நீங்கள் கொடுப்பது அதில் ஒரு துணுக்கு. அதை வைத்து மன அழுத்தமே போய்விடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆள் பற்றாக்குறையால் வரும் அழுத்தத்துக்கு மருந்து இன்னொரு ஆள்தான்.

முதல் 2 நிமிடம், செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதமும் தரையில் படியும்படி உட்கார்ந்து, அந்தத் தொடுகையைக் கவனிக்கட்டும். அடுத்த 6 நிமிடம் மூச்சு: ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண், பத்து வந்ததும் திரும்ப ஒன்று. எண் தவறினால் ஒன்றிலிருந்து தொடங்கலாம். தவறியது தெரிந்ததே பயிற்சிதான். ‘மனதைக் காலியாக்குங்கள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், முடியாத வேலை அது. கடைசி 2 நிமிடம் ஏ.சி. இரைச்சல், வெளியே ஹாரன், காதில் எது விழுகிறதோ அது.

கண்ணை மூடியே ஆக வேண்டும் என்பதில்லை. பதற்றம் உள்ள சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே நெஞ்சு இறுகும். அவர்கள் கவனத்தைப் பாதத்துக்கு மாற்றலாம், எழுந்தும் போகலாம் என்று தொடங்கும்முன்பே சொல்லிவிடுங்கள். அட்டெண்டன்ஸ் எடுக்காதீர்கள், அப்ரைசலில் இந்தப் பேச்சே வரக்கூடாது. ஹெச்.ஆர். பட்டியல் கேட்டால் தலைக்கணக்கை மட்டும் கொடுங்கள்.

இரண்டு மாதம் கழித்தும் அதே ஏழெட்டுப் பேர்தான் என்றால், அவர்களுக்கு மட்டும் நடத்துங்கள். மற்றவர்கள் அந்தப் பத்து நிமிடம் கடைக்குப் போய் டீ குடிக்கட்டும்.