ரீனியம் என்ன வேலை செய்கிறது? – வாசகர் கேள்வி பதில்

(எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நாப்தாவைப் பெட்ரோலாக்கும் ரிஃபார்மர் யூனிட்டிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்பதால், இந்த மாதம் வந்த உலோகக் கேள்விகளை எல்லாம் ஆசிரியர் என் பக்கம் தள்ளிவிட்டார்.)

நாப்தாவை (கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் லேசான திரவம்) உயர் ஆக்டேன் பெட்ரோலாக மாற்றும் வினையூக்கியில் பிளாட்டினத்தோடு ரீனியமும் இருப்பதாகப் படித்தேன். பிளாட்டினத்தைவிட ரீனியம் கெட்டிக்கார உலோகமா?
– எம்.எஸ்சி. மாணவி, விருதுநகர்

இல்லையம்மா. இந்த வேலைக்கு ரீனியத்தைத் தனியாகப் போட்டால் தொல்லைதான் மிஞ்சும். நமக்கு வேண்டியது, வளைய மூலக்கூறுகளிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றி, உயர் ஆக்டேன் கொண்ட டொலுவீன் மாதிரி ஆக்குவது. ரீனியமோ மூலக்கூறையே உடைத்து மீத்தேனாக்கிவிடும். பிறகு எதற்கு அது என்கிறீர்களா?

1949-இல் யுஓபி நிறுவனத்தின் விளாடிமிர் ஹேன்சல் கொண்டுவந்த பிளாட்ஃபார்மிங் முறையில் அலுமினாவின் (அலுமினியம் ஆக்சைடு) மேல் பிளாட்டினம் மட்டுமே இருந்தது. நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் 500 டிகிரி சூட்டில் உலோகத்தின் மேல் கரி படிந்துகொண்டே போகும். கரியை அடக்க ஹைட்ரஜன் அழுத்தத்தை ஏற்ற வேண்டும். அழுத்தம் ஏறினால், ஹைட்ரஜனை வெளியே விடவேண்டிய நம் வினையே தடைப்படும். இந்த இழுபறி இருபது வருடம் ஓடிற்று. 1960-களின் பிற்பகுதியில் செவ்ரான் எண்ணெய் நிறுவனம் ரீனியத்தைச் சேர்த்த பிறகுதான் குறைந்த அழுத்தத்திலும் நீண்ட நாள் ஓட்ட முடிந்தது.

பிளாட்டினம், ரீனியம் உப்புகளைக் கரைத்து அந்தக் கரைசலில் அலுமினாவை ஊறவைத்து, உலர்த்தி, காற்றில் சுட்டு, கடைசியில் ஹைட்ரஜனில் ஒடுக்கி உலோகமாக்குவார்கள். எடையில் ஒவ்வொன்றும் சுமார் 0.3 சதவீதம். உலோகத் துகள் ஒரு நானோமீட்டர் அளவுதான் இருக்கும், அதில் உள்ள அணுக்களில் பெரும்பாலானவை மேற்பரப்பிலேயே இருக்கும்.

அப்புறம்தான் நான் ரசித்த கட்டம். யூனிட்டைத் தொடங்கும்போது டைமெத்தில் டைசல்ஃபைடு என்ற திரவத்தை அளந்து விடுவோம். அழுகிய பூண்டு நாற்றம், வீட்டுக்குப் போனாலும் சட்டையில் நிற்கும். பிளாட்டினத்துக்குக் கந்தகம் நஞ்சு, அதனாலேயே நாப்தாவில் கந்தகம் ஒரு பிபிஎம்-முக்கும் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இருக்க வேண்டும் என்று தலைகீழாக நிற்போம். அதே ஆட்கள் நாங்களே கந்தகத்தை ஊற்றுவோம்! காரணம், அது ரீனியத்தை இறுகப் பிடித்துக்கொண்டு அதன் உடைக்கும் குணத்தை அடக்கிவிடும். ரிஃபார்மிங் வெப்பத்தை உறிஞ்சும் வினை. ஆகவே ரியாக்டரிலிருந்து வெளியே வருவது உள்ளே போவதைவிடச் சூடு குறைந்திருக்க வேண்டும். கந்தகம் போதாமல் போனால் மீத்தேன் உருவாகி, சூடு குறைவதற்குப் பதில் ஏற ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் வெப்பமானியிலிருந்து யாரும் கண்ணை எடுக்க மாட்டோம்.

கந்தகத்தைச் சுமந்த ரீனியம் பிளாட்டினத்துக்கு நடுவே உட்கார்ந்து அதன் பரப்பைச் சிறுசிறு திட்டுகளாகப் பிரித்துவிடுகிறது என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். பேருந்தில் குடும்பமாக ஏறுபவர்களுக்குச் சேர்ந்தாற்போல் நாலு சீட் வேண்டும், தனியாள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். கரி படியப் பல பிளாட்டினம் அணுக்கள் அடுத்தடுத்து வேண்டும், ஹைட்ரஜனைக் கழற்ற ஒன்றிரண்டு போதும். ஆக, ரீனியத்தை நான் உதவியாளராகப் பார்ப்பதில்லை, இடத்தை மறிப்பவராகவே பார்க்கிறேன். ரீனியம் முழுவதும் பிளாட்டினத்தோடு கலக்கிறதா, ஒரு பகுதி அலுமினாவில் ஆக்சைடாக ஒட்டி நிற்கிறதா என்று ஆய்வாளர்கள் நிறையவே சண்டை போட்டிருக்கிறார்கள்.

இதே மாதிரி இடம் மறிக்கும் கதைக்கு, எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் ஜான் சின்ஃபெல்ட் செய்த சோதனையைத் தேடிப் படியுங்கள். நிக்கலோடு கொஞ்சம் செம்பு சேர்த்ததும் ஈத்தேனை உடைக்கும் வேகம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. சைக்ளோஹெக்சேனிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றும் வேகமோ பெரிதாக மாறவில்லை. இரண்டு உலோகம் சேர்ந்தால் இரண்டின் பலமும் கூடும் என்று பரீட்சையில் எழுதாதீர்கள்.

அவ்வளவு பிளாட்டினமும் தேய்ந்து வீணாகாதா?
– எஸ்.ஆர்., திருச்சி

தேயாது. ஆனால் சூட்டில் சின்னத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும், வேலை செய்யும் பரப்பு குறையும். கரியை எரித்த பின் ஆக்ஸிஜனோடு குளோரினும் கொடுத்தால் உலோகம் மறுபடி பரவிவிடும். இனி முடியாது என்ற நிலை வந்தால் பழைய வினையூக்கியை உலோகம் பிரிப்பவர்களுக்கு அனுப்புவோம், பிளாட்டினத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ரியாக்டரைக் காலி செய்யும் நாளில் தரையில் சிந்திய தூசியைக்கூடக் கூட்டி டிரம்மில் போடச் சொல்வேன். கணக்குப் பிரிவுக்காரர்களும் பக்கத்தில் வந்து நிற்பார்கள், வேறு எந்தக் குப்பைக்கும் அவர்கள் வந்ததில்லை.

காரின் புகையைச் சுத்தம் செய்யும் பழைய கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மெக்கானிக் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். அதில் என்ன இருக்கிறது?
– வாசகர், ஈரோடு

பெட்ரோல் கார் என்றால் பல்லேடியமும் ரோடியமும் இருக்கும், சிலவற்றில் பிளாட்டினமும். இங்கே கதை வேறு. கடும் சூட்டில் பல்லேடியமும் ரோடியமும் கலந்துவிட்டால் ரோடியத்தின் வேலை கெடும். அதனால் இரண்டையும் தனித்தனி அடுக்காகப் பூசுவது வழக்கம். டீசலில் நேர்மாறு: சூடான காற்றில் பிளாட்டினம் ஆக்சைடாகி ஆவியாகப் பார்க்கும், பல்லேடியத்தோடு சேர்த்தால் தங்கி நிற்கும். எதுவானாலும் உள்ளே இருப்பது காசு. விலை பேசாமல் கொடுத்துவிடாதீர்கள்.