ஒன்பதாம் வகுப்பிலேயே 'படிப்பு வேண்டாம்' என்கிறானா?

மகன் படிப்பை விட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறான், என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அவன் மதிப்பெண்கள் பாடவாரியாக இருக்கின்றன. எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்பது மட்டும் இல்லை. அம்மா, எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

யாரும் திடீரென்று ஒரு நாள் படிப்பை விட்டுவிடுவதில்லை. திங்கட்கிழமை தலைவலி என்பான், வியாழக்கிழமை வயிற்றுவலி என்பான். திரும்பிப் போகும்போது கணக்குப் பாடம் இரண்டு அத்தியாயம் தாண்டியிருக்கும். புரியாத வகுப்பில் உட்கார்ந்திருப்பதைவிட வீட்டில் இருப்பது மேல் என்று தோன்றும், இன்னும் இரண்டு நாள் போய்விடும். பள்ளி வேலைநாட்களில் பத்து சதவீதம் தவறினால் அதை அபாயக் கோடு என்கிறார்கள். ஆண்டுக்கு 180 நாள் என்றால் 18 நாள், அதாவது மாதத்துக்கு இரண்டே நாள். மொத்தமாகப் பார்த்தால் திடுக்கிடுகிற கணக்கு, மாதாமாதம் பார்த்தால் யார் கண்ணிலும் படாது.

ஒன்பதாம் வகுப்பு ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் சிகாகோ நகர ஆய்வாளர்கள் 2005-இல் ஒரு கணக்கு சொன்னார்கள். அந்த ஆண்டு முடிவில் அடுத்த வகுப்புக்குத் தேவையான பாடங்களை முடித்து, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத் தோல்விக்கு மேல் இல்லாத பிள்ளைகள் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரையான நான்கே ஆண்டில் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் மேல். எட்டாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்களைவிட இது நன்றாக முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது. ஆகவே உங்களுக்குக் காலம் கடந்துவிடவில்லை, சரியான ஆண்டில்தான் கவலைப்படுகிறீர்கள்.

'அவனுக்குப் படிப்பு ஏறவில்லை' என்கிறீர்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. 2006-இல் அமெரிக்காவில், பள்ளியை விட்டு நின்ற இளைஞர்களிடமே காரணம் கேட்டார்கள். அவர்களில் 88 சதவீதம் பேர் தேர்ச்சி மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். 47 சதவீதம் பேர் வகுப்பு சுவாரசியமாக இல்லை என்றார்கள். 43 சதவீதம் பேர், நிறைய நாள் போகாமல் விட்டோம், பிறகு எட்டிப் பிடிக்க முடியவில்லை என்றார்கள். பாடம் வராததால் நின்றவர்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

'ஏன் போகவில்லை?' என்று கேட்காதீர்கள். 'சும்மாதான்' என்று வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். கடந்த இரண்டு மாத நாட்காட்டியை எடுத்து, போகாத நாட்களை நீங்களே வட்டமிடுங்கள். அன்றைய பாட அட்டவணையைப் பக்கத்தில் வையுங்கள். ஒரே ஆசிரியரின் வகுப்பு திரும்பத் திரும்ப வருகிறதா? விளையாட்டு வகுப்பு நாளா? அப்படியென்றால் உடை மாற்றும் இடத்தில் யாரோ கேலி செய்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வாய்விட்டுப் படிக்கச் சொல்லும் மொழி வகுப்பென்றால், வாசிப்பதிலேயே சிரமம் இருந்து அதை இத்தனை வருடம் மறைத்திருக்கலாம். கரும்பலகை தெரியாமல் தவிக்கும் பிள்ளைகளும் உண்டு, கண் பரிசோதனை அரை மணி நேர வேலைதான். காலை முதல் வகுப்பு மட்டுமே தவறுகிறதென்றால் தூக்கத்தைக் கவனியுங்கள். இந்த வயதில் எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை. பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது, அது முழுக்கச் சோம்பல் அல்ல. எதிலுமே பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் ஒடுங்கிக் கிடந்தால், அல்லது 'நான் இருந்து என்ன பயன்' என்ற மாதிரிப் பேசினால், இந்தக் கடிதத்தை மூடிவிட்டு உடனே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

பள்ளிக்குப் போகும்போது 'பையன் எப்படிப் படிக்கிறான்?' என்று கேட்காதீர்கள். இந்த ஆண்டு எத்தனை நாள் வரவில்லை, எந்தெந்தப் பாடத்தில் தோற்கும் நிலை, எந்த ஆசிரியரிடம் அவன் வாய் திறந்து பேசுகிறான் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1990-இல் தொடங்கிய 'செக் அண்ட் கனெக்ட்' திட்டத்தின் அடிப்படையே அதுதான். ஒரு பெரியவர் குறைந்தது இரண்டு ஆண்டு ஒரே பிள்ளையின் வருகையையும் மதிப்பெண்ணையும் விடாமல் கவனிப்பார், சரிந்தால் உடனே வந்து பேசுவார். உங்கள் பள்ளியில் அப்படியொரு திட்டம் இல்லாவிட்டாலும், ஓர் ஆசிரியர் வாரத்துக்கு பத்து நிமிடம் ஒதுக்கச் சம்மதிக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

எல்லாப் பாடத்தையும் ஒரே மாதத்தில் தூக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள், கரையேற்றக்கூடிய ஒன்றை முதலில் எடுங்கள். பள்ளி 'இதே வகுப்பில் இன்னொரு வருடம் இருக்கட்டும்' என்றால் உடனே தலையாட்டிவிட வேண்டாம். வகுப்பில் தங்கிவிட்ட பிள்ளைகள் பின்னால் படிப்பை விடுவது அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, விடுபட்ட பாடத்தை மட்டும் மறுபடி எழுத வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். வராமல் இருந்ததற்குத் தண்டனையாக இடைநீக்கம் என்றால் மறுத்துப் பேசுங்கள். பள்ளிக்கு வராதவனை வராதே என்று சொல்வதில் என்ன தண்டனை இருக்கிறது?

இனி 'வேலைக்குப் போகிறேன்' என்பது. அதை அடக்காதீர்கள், விசாரியுங்கள். என்ன வேலை? வாகனம் பழுதுபார்ப்பது என்றால், அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரிடம் அவனையே அனுப்புங்கள். பயிற்சிக்குச் சேர என்ன சான்றிதழ் கேட்டார்கள், கணக்கு எங்கே தேவைப்படுகிறது, பத்தாண்டு கழித்து என்ன நிலை என்று அவனே கேட்டுக்கொண்டு வரட்டும். முறையான தொழிற்பயிற்சிகள் பலவற்றுக்குப் பள்ளிச் சான்றிதழ் நுழைவுச்சீட்டு. நாம் நூறு முறை சொல்வதைவிடக் கையில் கறை படிந்த ஒருவர் ஒருமுறை சொன்னால் காதில் ஏறும். வீட்டில் பணமுடைதான் காரணமென்றால் வெளிப்படையாகப் பேசுங்கள். பகுதிநேர வேலை தவறில்லை, வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டினால்தான் படிப்பு அடிவாங்குகிறது.

இந்த வாரம் இரண்டே வேலை: நாட்காட்டியில் வட்டமிடுவது, பள்ளியில் அந்த மூன்று கேள்விகள். பதில்கள் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். அடுத்த முறை அவனையும் கூட்டி வாருங்கள். வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், தொலைபேசியில் பேசுகிறானா என்று கேளுங்கள்.